கெட்டது லேப்டாப்பா, அதில் போட்ட விண்டோஸா?



கம்பம் பக்கம் ஒரு குழுக் கூட்டம். திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், மகளுக்குப் புது லேப்டாப் வாங்க 20,000 ரூபாய் உள்கடன் கேட்டார். "பழசுக்கு என்னக்கா?" என்றேன். "பள்ளிக்கூடத்துல குடுத்ததுதான். மெதுவா ஓடுதுன்னு கடையில குடுத்துப் புதுசா விண்டோஸ் போட்டோம். அன்னையிலருந்து வைஃபை எடுக்கல, சத்தம் இல்ல, எழுத்தெல்லாம் பெருசு பெருசாத் தெரியுது. போர்டு போச்சுன்னுட்டாரு கடைக்காரரு" என்றார்.

ஒரே நாளில் மூன்று பாகம் சேர்ந்து கெடுமா? எனக்குச் சந்தேகம். கடன் தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொன்னேன்.

விஷயம் இதுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் மூலம் லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இத்தனை மெஷினுக்கும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஏற்ற முடியாது. ஒரு மெஷினில் எல்லாம் சரியாக அமைத்து, அதை அப்படியே நகல் எடுத்து மற்றதில் பதிப்பது வழக்கம். அந்த நகலுக்குத்தான் 'இமேஜ்' என்று பெயர். அந்த மாடலுக்கே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி.

கடையில் பல சமயம் போடுவதும் இமேஜ்தான். ஆனால் யாரோ, எந்த மெஷினிலோ தைத்தது. சீக்கிரம் ஏறட்டும் என்று டிரைவர்களை வெட்டி எறிந்திருப்பார்கள். டிரைவர் என்பது விண்டோஸ் சொல்வதை வைஃபை, ஸ்பீக்கர், திரைக்கெல்லாம் புரியவைக்கும் சிறு புரோகிராம். அது இல்லாவிட்டால் நல்ல பாகமும் ஊமைதான். சில திருட்டு இமேஜில் வைரஸ் பாதுகாப்பையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மெஷினில் குழுவின் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்குப் போனேன். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி அதிலிருந்தே ஆன் செய்தோம். 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாதவரை லேப்டாப்பில் உள்ளது எதுவும் அழியாது. எழுத்து சரியான அளவில் வந்தது. பக்கத்து வீட்டு வைஃபை பெயரும் தெரிந்தது. ஆக, போர்டு போகவில்லை! (லினக்ஸிலும் வைஃபை வராவிட்டால் உடனே கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில வைஃபை பாகத்துக்கு அங்கேயும் தனி டிரைவர் வேண்டும்.)

சத்தம் மட்டும் வரவில்லை. ஹெட்போன் மாட்டினால் வந்தது. அப்போதுதான் அக்கா சொல்கிறார், "முன்னாடியே கரகரன்னுதான் இருந்துச்சு." ஸ்பீக்கர் உண்மையிலேயே போயிருக்கிறது.

பிறகு விண்டோஸுக்கே வந்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்தோம். மஞ்சள் குறி போட்டு நிற்பவைதான் டிரைவர் இல்லாத பாகங்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் டிரைவர் இலவசம். நம்மிடம் இருப்பது எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து அதற்குரியதையே எடுக்க வேண்டும். 'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்' என்று வரும் விளம்பரம் பக்கம் போகாதீர்கள், வேண்டாததெல்லாம் கூடவே வந்து உட்காரும். வைஃபையே இல்லாமல் எப்படி டவுன்லோடு? செல்போனைச் சார்ஜர் வயரில் லேப்டாப்போடு இணைத்து, செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' போட்டோம். நெட் வந்துவிட்டது.

நிஜமான பழுது வேறு மாதிரி இருக்கும். ஹார்டு டிஸ்கில் டிக் டிக் சத்தம், சூடேறித் தானாக அணைவது, ஆன் ஆனதும் வரும் பயோஸ் திரையில்கூட டிஸ்க் பெயர் காட்டாதது. இதற்கெல்லாம் மெஷினைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஒன்றுதான் திரும்பவில்லை. கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றியதில், மகள் மூன்று வருடமாகச் சேர்த்த பாடக் குறிப்பும் அவள் அப்பாவின் பழைய போட்டோக்களும் போய்விட்டன. கடைக்குக் கொடுக்கும் முன் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது வைஃபை, சத்தம், கேமரா மூன்றையும் அங்கேயே போட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

அக்கா கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கர் மாற்றவில்லை. ஹெட்போனே போதும் என்கிறாளாம் மகள்.