மீன் தொட்டியில் கூழாங்கல்லை எடுத்துவிட்டு மணல் போடுகிறீர்களா?

கூழாங்கல் இடுக்கில் இறங்கும் தீனி அங்கேயே அழுகி நாறும். மணலில் அது மேலாகவே தங்கும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். சென்னை கொடுங்கையூர்வாசிகளுக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம்தான். மணலை அங்கேயே வாங்குங்கள்.

1. காசிமேடு, எண்ணூர் கடல் மணலை அள்ளி வராதீர்கள். அதிலுள்ள உப்பும் சிப்பித்தூளும் நன்னீர் மீனுக்கு ஆகாது.

2. எம்-சாண்ட் வேண்டாம். அதன் கூர்முனை, அடியில் மேயும் மீன்களின் மீசையைக் காயப்படுத்தும்.

3. மணலில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீர் கடினமாகும்.

4. ஓர் அங்குல உயரம் போதும். 2-க்கு 1 அடி தொட்டிக்குச் சுமார் 7 கிலோ. உயரம் கூடினால் அடியில் கெட்ட வாயு சேரும்.

5. வாளியில் கலக்கிக் கலக்கி, நீர் தெளியும்வரை கழுவுங்கள். கழுவாத மணல் தொட்டியைச் சேறாக்கும்.

6. பழைய கல்லை அள்ளுமுன் மீன்களையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் வேறு வாளியில், பழைய தொட்டி நீரிலேயே வையுங்கள். குழாய் நீரின் குளோரின், ஸ்பாஞ்சிலுள்ள, கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும்.

7. மணல்மேல் தட்டு வைத்து, குளோரின் நீக்கிய நீரை மெல்ல ஊற்றுங்கள். மணல் கிளம்பாது.

8. கலங்கல் அடங்கியபின் ஃபில்டரைப் போடுங்கள். மணல் புகுந்தால் மோட்டார் தேயும்.

9. ஒரு வாரம் பாதித் தீனியே போடுங்கள். பழைய கல்லோடு பாக்டீரியாவில் ஒரு பகுதியும் போய்விட்டது.

பிறகு பாருங்கள்: தங்கமீன் வாய் நிறைய மணல் அள்ளி, தீனியை வைத்துக்கொண்டு மணலைத் துப்பும். அது அதன் இயல்பு; அதற்கு இடம் கொடுங்கள்.