உங்க வார்டு நம்பர் என்ன?

வட சென்னையில், கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பத்துப் பேரிடம் எம்.எல்.ஏ. பெயரைக் கேட்டுப் பாருங்கள். பெயரோடு சேர்த்து அவரைப் பற்றி நாலு கதையும் வரும். வார்டு நம்பரைக் கேட்டால் பாதிப் பேர் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் அரசியல் தெரியாத ஊரா இது? 1949 செப்டம்பர் 18 அன்று, கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில்தான் இருக்கிறது. கோட்டையைப் பிடிக்கிற அரசியல் நமக்கு அத்துப்படி. உடைந்த சாக்கடை மூடியை மாற்ற வைக்கிற அரசியல்தான் கைக்கு வரவில்லை.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் வாக்களித்தவர்கள் சுமார் 43.6 சதவீதம். முந்தைய கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் வார்டில் கவுன்சிலரே இல்லாமல் காலம் தள்ளிவிட்டு, தேர்தல் வந்த அன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டோம். வெட்கக்கேடுதான். ஆனால் புதிதாக நுழைய நினைப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: கூட்டம் குறைந்த இடத்தில் புது முகம் சீக்கிரம் கண்ணில் படும்.

துறைமுகத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவர், எம்.சி. ரோடு துணிக்கடையில் இரவு பத்து வரை நிற்கிறவர், விடிந்ததும் ரயில் ஏறிக் கிண்டிக்குப் போகிறவர். ‘எனக்கெல்லாம் நேரம் ஏதுங்க?’ என்று கேட்கும் இவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் ஒரு வருஷம் விடாமல் வேண்டும்.

முதலில் அந்த வார்டு நம்பர். வாக்காளர் அட்டையைப் பார்த்தால் சட்டமன்றத் தொகுதிதான் கிடைக்கும். சொத்து வரி ரசீதைப் பாருங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ‘ராயபுரம்’ என்ற பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. ராயபுரம் தொகுதி ஒன்று. மாநகராட்சியின் 5-ஆவது மண்டலமான ராயபுரம் இன்னொன்று. மண்டலத்தில் 49 முதல் 63 வரை பதினைந்து வார்டுகள். அது சவுக்கார்பேட்டை, பார்க் டவுன் வரைக்கும் நீள்கிறது. இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. தப்பான கவுன்சிலர் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது, எது யார் மேஜை என்பது. உள்ளூர் அரசியலில் பாதி இதுதான். எங்கள் தெருவில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிவுநீர் வழிந்தது. மனுவோடு நான் போன முதல் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, “இது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்களே” என்றார்கள். கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர்கள் சொன்னது சரி. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. மாநகராட்சிக்குப் புகார் எண் 1913, குடிநீர் வாரியத்துக்கு 044-45674567. தெருவில் நிற்கும் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று மூக்கால் முடிவு செய்துவிட்டுப் போனை எடுங்கள். குடியிருப்பு பிளாக்கில் படிக்கட்டு இடிந்தால், நாம் இன்னும் ‘ஸ்லம் போர்டு’ என்றே சொல்லும், 2021-இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். துறைமுக வாசலில் தொடங்கிச் சாலையை அடைத்து நிற்கும் கன்டெய்னர் லாரிக்குப் போக்குவரத்துக் காவல். ஆலைப் புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கவுன்சிலர் இவர்கள் எல்லோருக்கும் போன் போடலாம். ஆனால் உத்தரவு போட முடியாது. இது தெரியாமல் அவரைத் திட்டித் தீர்ப்பவர்கள்தான் அதிகம்.

மனு ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. “தெரு விளக்கு எரியவில்லை” என்று எழுதாதீர்கள். கம்பத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிடுங்கள். போட்டோவில் தேதி தெரியட்டும். ஒரே வீட்டில் ஐந்து கையெழுத்து வாங்குவதைவிட ஐந்து வீட்டில் ஒவ்வொன்று வாங்குவது மேல். நகலில் சீல் போட்டுத் தேதியோடு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு உதவிப் பொறியாளர் முன்னால் உட்காருங்கள். ‘ஏ.ஈ.’ என்றால்தான் வார்டில் எல்லோருக்கும் புரியும். குரலை உயர்த்த வேண்டாம். அடுத்த மாதம் திரும்பவும் அவர் முன்னால்தான் உட்காரப் போகிறீர்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் புது ரோடு கேட்பவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அடுத்த வருஷத்து வேலைப் பட்டியலில் உங்கள் தெரு வர வேண்டுமென்றால் பொங்கலுக்கு முன்பே மனு மேஜைக்குப் போயிருக்க வேண்டும். வேலை நடந்ததா இல்லையா என்று சந்தேகமா? தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு. ‘ஏன் போடவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டத்தில் காரணம் கேட்டு வாதாட முடியாது. மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தத்தின் நகல், எம்.புக் என்கிற அளவைப் புத்தகத்தின் நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். எம்.புக் கேட்கத் தெரிந்தவருக்கு வார்டில் கிடைக்கும் மரியாதையே தனி.

பகுதி சபா என்ற ஒன்று இருக்கிறது. கிராம சபை போல நகரத்துக்கும் வேண்டும் என்று பல வருஷம் பலர் கேட்டு, 2022-இல் விதிகள் வந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பகுதி வாக்காளர்களைக் கூட்ட வேண்டும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்க முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மல் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். குறை என்னவென்றால், பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். கட்சிக்காரர்களே உட்கார்ந்துகொள்கிறார்கள் என்ற புகாரில் உண்மை உண்டு. இருந்தாலும் போங்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். பேசியது காற்றில் போகும்.

மேடை கூச்சமாக இருக்கிறது, குறிப்பாகப் பெண்களுக்கு என்றால், அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிற வீட்டுக்கு நல்ல வாசல் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக் குழாயிலிருந்து காலை உணவு வரை அங்கே பேசலாம். கூட்டம் நடத்தவும் மினிட்ஸ் எழுதவும் கணக்குக் கேட்கவும் அங்கே கற்றுக்கொண்ட அம்மாவை அப்புறம் எந்த அலுவலகத்திலும் ஏமாற்ற முடியாது.

தெருவில் சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டுச் செத்துப்போன சங்கங்கள்தான் நம் பக்கம் அதிகம். பொருளாளரைப் பார்த்துப் போடுங்கள். ஆனால் பதிவு எண் மட்டும் ஊரைக் கூட்டாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மறுநாளே ஆலை வாசலில் திரண்டார்கள். பல வாரம் எழுந்திருக்கவில்லை. மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அன்றைக்கு முடிவானதல்ல, திருவிழாவிலும் சாவிலும் ஏற்கெனவே முடிவானது. ஆறு மாடி பிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருப்பவர் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. நம் தெருவைக் கூட்டியவர்கள் அவர்கள். நம்மில் எத்தனை பேர் போய் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தோம்?

கட்சியில் சேர்வதா? சேரலாம், தப்பில்லை. இங்கே வார்டுக்குக் கட்சிப் பெயர் ‘வட்டம்’. வட்டச் செயலாளரைத் தாண்டி எதுவும் நகராது. பொறுப்பு கேட்காமல் பூத் வேலை கேளுங்கள். வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கினால் செத்தவர், மாறிப்போனவர், பதினெட்டு முடிந்தும் பெயர் சேர்க்காதவர் எல்லாம் தெரியவரும். அந்தப் பட்டியல் தெரிந்தவனைக் கட்சி விடாது. வட்டிக்கு வாங்கி பேனர் அடிக்காதீர்கள். முதல் வருஷம் உங்கள் முகம் எந்த ஃபிளெக்ஸிலும் வரக்கூடாது என்பது என் கட்சி.

வேலையில் இருப்பவர்கள் கவனிக்க: மாநில அரசு ஊழியர்களுக்கு 1973 நடத்தை விதிகளும், மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 விதிகளும் அரசியல் கட்சியில் உறுப்பினராவதைத் தடுக்கின்றன. பள்ளிக் குழுவுக்கும் தெருச் சங்கத்துக்கும் போகலாம். கொடி பிடிக்க முடியாது. தனியார் வேலை என்றால் மேலாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கம்பெனி மெயிலில் கட்சி வேலை வேண்டவே வேண்டாம். மாநகராட்சியில் ஒப்பந்த வேலை எடுப்பவர்கள் கவுன்சிலர் ஆசையையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றை விட வேண்டும்.

நிற்கவே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் கணக்கு இது. வயது 21. 2022-இல் மாநகராட்சி கவுன்சிலருக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. சென்னையில் செலவு வரம்பு 90,000. மதிப்பூதியம் 2023 ஜூலையிலிருந்து மாதம் 10,000. மேஸ்திரி இதைவிட அதிகம் சம்பாதிக்கிறார்; இதை நம்பிக் கையிலிருக்கும் வேலையை விடாதீர்கள். இடங்களில் பாதி பெண்களுக்கு. வட சென்னையிலிருந்து போய் 28 வயதில் மேயரான ஆர்.பிரியாவும் 74-ஆவது வார்டில் கவுன்சிலராக நின்றுதான் ஜெயித்தார்.

2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் ஒரு மனுவுக்காவது சீல் வாங்கி வைத்திருங்கள்.