தசமியிலேயே முக்கால் துவாதசி! வைகுண்ட ஏகாதசிக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பது நமக்கொன்றும் பெரிய விஷயமில்லை, தோழிகளே. ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு, மறுநாள் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று அடுக்களையில் நிற்கிறோமே, அங்கேதான் இடுப்பு ஒடிகிறது. கல்யாணமான புதிதில் ஒரு துவாதசியன்று நான் கீரை ஆய்ந்துகொண்டே இருக்க, திதி முடியப் பத்து நிமிஷம்தான் பாக்கி. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு உத்தரணி தீர்த்தத்தை என் கையில் விட்டுவிட்டுப் போனார். அதற்கடுத்த வருஷத்திலிருந்து தசமியன்றே முக்கால் வேலையை முடித்துவிடுகிறேன். அப்படிக் கற்றுக்கொண்டவை இதோ.

நாள் பார்க்கும்போது

1. மார்கழி வளர்பிறை ஏகாதசி என்பதுதான் கணக்கு; ஜனவரியா டிசம்பரா என்று மனப்பாடம் செய்யாதீர்கள். 2024ல் வைகுண்ட ஏகாதசியே வரவில்லை, 2025ல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு தடவை வந்தது. புதுக் காலண்டரை மாட்டும் அன்றே சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டால், லீவு சொல்லவும் ரயிலில் சீட் எடுக்கவும் வசதி.

2. பஞ்சாங்கத்தில் திதியை நாழிகையில் போட்டிருந்தால் தடுமாற வேண்டாம். நாழிகையை இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் மணி வந்துவிடும். 20 நாழிகை என்றால் 8 மணி நேரம். சூரிய உதயம் ஆறரை என்றால் மதியம் இரண்டரை வரை அந்தத் திதி இருக்கிறது.

3. ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரமும் நீளும். அதோடு வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கத்தையும் புரட்டினால் குழப்பம்தான் மிச்சம். நீங்கள் வழக்கமாகப் போகும் பெருமாள் கோயிலில் எதைப் பார்க்கிறார்களோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

4. துவாதசித் திதியின் முதல் கால் பாகம் ஹரிவாசரம். அது கழிந்து, திதி முடிவதற்குள் பாரணை செய்ய வேண்டும். இந்த இரண்டு நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கண் விழித்த தூக்கக் கலக்கத்தில் காலண்டரின் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

தசமியன்று

5. அகத்திக்கீரையைத் தசமி காலையிலேயே வாங்கிவிடுங்கள். துவாதசியன்று விடிந்ததும் எல்லோரும் ஒரே கீரைக்காரம்மாவைச் சுற்றி நிற்போம். கட்டு இளைத்திருக்கும், விலை கொழுத்திருக்கும். தெருவில் யார் வீட்டிலாவது அகத்தி மரம் இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லிவைப்பது இன்னும் லாபம்.

6. வாங்கிய கீரையைக் கழுவாமல் இலையை மட்டும் உருவி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரம் பட்டால்தான் கறுத்து அழுகும். இப்படி வைத்தால் துவாதசி வரை பச்சென்றிருக்கும். டிவி பார்த்துக்கொண்டே வீட்டிலுள்ள எல்லோருமாக உருவினால் அரை மணி வேலை.

7. நெல்லிக்காயைப் பச்சையாக அரிந்து விரலை நோகடித்துக்கொள்ளாதீர்கள். இட்லிப் பானையில் தட்டில் வைத்து ஆவியில் வேகவிட்டால் கோடு கோடாகப் பிளந்து கொட்டை தானே உதிர்ந்துவிடும். ஆறியதும் சுளைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால், துவாதசிப் பச்சடிக்கு அரைப்பது மட்டும்தான் பாக்கி.

8. பச்சைச் சுண்டைக்காயை நசுக்கியவுடன் மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது, கசப்பும் கொஞ்சம் இறங்கும். பச்சை கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். டப்பாவில் இருக்கும் சுண்டை வற்றலில் நாலைந்தை நெய்யில் வறுத்து இலையில் வைத்தால் போதும்.

9. பாரணைச் சமையலில் கூட்டு, பொரியல், பச்சடி எல்லாவற்றுக்கும் தேங்காய் வேண்டும். தசமியன்றே இரண்டு மூடியைத் துருவி, மூன்று சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீஸரில் வையுங்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு டப்பா என்று எடுத்தால் அளவும் தப்பாது, மிச்சமும் வீணாகாது.

10. துவாதசியில் துளசி பறிக்கும் வழக்கம் கிடையாது. ஏகாதசியிலும் பல வீடுகளில் பறிப்பதில்லை. இரண்டு நாளுக்கும் சேர்த்துத் தசமியில் பறித்து, வாழையிலையில் மடித்து, மேலே ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். மாலையாகக் கட்டுவதென்றால் வாழைநாரை நன்றாக ஊறவைத்துக் கட்டினால் காம்பு அறுபடாது.

11. வெல்லத்தைத் தசமியன்றே கரைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிவையுங்கள். ஏகாதசிக்கு இனிப்பு அவல், துவாதசிக்குப் பானகம், பாயசம் எல்லாவற்றுக்கும் இதுவே ஓடும். ஒவ்வொரு தடவையும் வெல்லத்தில் மண் பார்க்கும் வேலை மிச்சம்.

12. காபிப் பிரியர்களுக்கு விரதத்தன்று வரும் தலைவலி பசியால் மட்டும் வருவதில்லை; காபி கிடைக்காத தலைவலியும் சேர்ந்துகொள்ளும். தசமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாலை ஏற்றுங்கள். காபியை விடவே முடியாத மாமனாருக்கும் சொல்லாமலே இதைச் செய்யலாம்!

13. மார்கழிக் குளிரில் இட்லி மாவு சீக்கிரம் புளிக்காது. அதையே நமக்குச் சாதகமாக்கி, தசமி சாயங்காலம் அரைத்து வைத்தால் விரதமில்லாத குழந்தைகளுக்கு ஏகாதசியன்று இட்லி ஆகும். மிச்ச மாவு ஃப்ரிட்ஜில் இருந்தால் துவாதசி ராத்திரிக்குத் தோசை.

14. தசமி ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டால் மறுநாள் பசிக்காது என்பது தப்புக் கணக்கு. உப்பும் காரமும் தூக்கலாக இருந்தால் ஏகாதசியன்று நாக்கு வறண்டு தவிக்கும். எளிதாக ஏதாவது சாப்பிட்டு, தண்ணீரை நிறையக் குடித்துப் படுங்கள்.

ஏகாதசியன்று

15. எட்டு வயதுக்குக் கீழே, எண்பதுக்கு மேலே இருப்பவர்களுக்கு உபவாசம் இல்லை என்று பெரியவர்களே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு மயங்கி விழுவதைப் பெருமாள் கேட்கவில்லை.

16. நிர்ஜலமாக இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் தண்ணீரில் குறை வைக்காதீர்கள். குளிர்காலத்தில் தாகமே தெரியாது, சாயங்காலம்தான் தலை சுற்றும். ஒரு செம்பு நிறைய நீரில் துளசி போட்டுக் கண்ணில் படும் இடத்தில் வைத்து, மத்தியானத்துக்குள் காலி செய்வது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

17. ஜவ்வரிசி உப்புமா பசை மாதிரி ஆகிறதா? ஜவ்வரிசி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மிச்ச நீரை வடித்துவிடுங்கள். வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துப் பிசறிவிட்டுத் தாளித்தால் முத்து முத்தாக நிற்கும்.

18. சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் தித்திப்பு தண்ணீரோடு போய்விடும். இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். பக்கத்துக் குழியில் நேந்திரம்பழத்தையும் வைத்தால் ஒரே அடுப்பில் இரண்டு பலகாரம்.

19. அடுப்பே பற்றவைக்க வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது அவல். அலசிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, வெல்லப் பாகு, தேங்காய்த் துருவல், ஏலப்பொடி கலந்தால் நைவேத்தியமும் ஆச்சு, ஒருவேளை ஆகாரமும் ஆச்சு. கெட்டி அவல்தான் குழையாமல் இருக்கும்.

20. பாரணைக்குத் தயிர் முக்கியம். குளிரில் அதுதான் காலை வாரும். பாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில், உறைமோர் ஒரு ஸ்பூன் அதிகமாக விட்டு, ஹாட்பேக்கில் மூடி வையுங்கள். ஏகாதசி சாயங்காலம் வைத்தால் விடிகாலையில் கெட்டியாக, புளிக்காமல் இருக்கும்.

21. கண் விழிக்கப் பரமபதப் படம் கிடைக்கவில்லையென்றால் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் குழந்தைகளையே வரையச் சொல்லுங்கள். பாம்பு, ஏணி போடுவதற்குள்ளேயே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். தாயக்கட்டைக்குப் பதில் புளியங்கொட்டையை ஒருபக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொண்டால் செலவே இல்லை.

22. ராத்திரி ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் தூக்கம் சொக்கும். உட்கார்ந்து செய்யும் பாராயணத்தை முன்னேரத்தில் முடித்துவிட்டு, விளையாட்டு, கோலம் மாதிரி கையும் காலும் அசையும் வேலைகளை இந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். மார்கழிக் கோலத்தையும் பெரிதாகப் போட்டுவிடலாம், விடிகாலை வேலையில் ஒன்று குறையும்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு

23. பரமபத வாசல் அன்று ஒருநாள் மட்டும்தான் என்று நினைத்து நசுங்க வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் அடுத்து வரும் இராப்பத்து நாட்களிலும் வாசல் திறக்கிறது. திருப்பதியில் 2020 டிசம்பரிலிருந்து பத்து நாள் திறந்து வைக்கிறார்கள். எந்த நாள் எத்தனை மணிக்கு என்று கோயில் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு, வயதானவர்களைக் கூட்டம் குறைந்த நாளில் அழைத்துப் போங்கள்.

24. வரிசையில் நிற்கப் போகிறவர்கள் புதுச் செருப்பு வேண்டாம். பழையதும் தொலையாமல் இருக்க ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். குல்லாய், சால்வை, தண்ணீர் பாட்டில், நாலு வாழைப்பழம் இருந்தால் போதும். நகை எதுவும் போட வேண்டாம், மஞ்சள் கயிறே அழகு.

25. குழந்தைகளின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதிய சீட்டை வைத்துப் பின் குத்திவிடுங்கள். பிரிந்துபோனால் எங்கே வந்து நிற்பது என்று ஒரு தூணையோ கடையையோ முன்பே காட்டிவையுங்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும், முக்கியமாக வேடிக்கை பார்த்தே பின்தங்கும் வீட்டுக்காரருக்கு!

துவாதசியன்று

26. மூன்று அடுப்பையும் ஒரேசமயம் பிடித்துக்கொள்ளுங்கள். குக்கரில் அடியில் பாசிப்பருப்பு, மேல் தட்டில் அரிசி, இரண்டாவதில் கீரை, மூன்றாவதில் சுண்டைக்காய். அவை வேகும்போதே மிக்ஸியில் பச்சடிக்கு அரைத்துவிட்டால் முக்கால் மணியில் இலை போடலாம்.

27. அகத்தி மற்ற கீரையைவிட நின்று வேகும். அதனால் மிகப் பொடியாக அரியுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில், மூடாமல், ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு வேகவிட்டால் நிறமும் நிற்கும், கசப்பும் மட்டுப்படும். வெந்த பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்துவிட்டால் குழந்தைகளும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

28. பல வீடுகளில் பாரணைச் சமையலில் புளியும் மிளகாயும் கிடையாது. மிளகு, சீரகத்தைத் தசமியன்றே வறுத்துப் பொடித்து வைத்தால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பொடி போதும். புளிப்புக்கு நெல்லிக்காய் இருக்கிறதே!

29. நெல்லிக்காய்ப் பச்சடியில் தயிரை இலையில் பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் கலக்க வேண்டும். முன்பே கலந்தால் நீர்த்துப் புளித்துவிடும். நெல்லிக்காய் வேகவைத்த இட்லிப் பானைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஆறவைத்துத் தலை அலசலாம்.

30. திதி முடியப் போகிறது, சமையல் ஆகவில்லையா? பதறாதீர்கள்; அம்பரீஷ மகாராஜாவே துர்வாசர் வரத் தாமதமானபோது தீர்த்தத்தைப் பருகித்தான் விரதத்தை முடித்தார். துளசி தீர்த்தம் ஒரு வாய் சாப்பிட்டுப் பாரணையை முடித்துவிட்டு, நிதானமாகச் சமையுங்கள்.

31. பசித்த வயிற்றில் வடை, அப்பளம் என்று ஆரம்பித்தால் மத்தியானமே நெஞ்செரிச்சல்தான். தீர்த்தம், நெல்லிக்காய், கீரை, பருப்புச் சாதம் என்று மெதுவாகப் போய் மோரில் முடியுங்கள். வாழையிலையில் போட்டால் தட்டு கழுவும் வேலையும் இல்லை.

32. அகத்தியின் இளங்காம்பையும் மிச்ச இலையையும் குப்பைக்கு அனுப்பாதீர்கள், துவாதசியில் பசுவுக்கு அகத்தி கொடுப்பது விசேஷம். பிளாஸ்டிக் பையோடு வைக்காமல் கையால் உதிர்த்துப் போடுங்கள். இலைக்கட்டு நாரும் ரப்பர் பேண்டும் அதில் இல்லையே என்று ஒருதரம் பாருங்கள்.

33. துவாதசியன்று பகல் தூக்கம் கூடாது என்பார்கள். நமக்கோ கண் தானாகச் சொருகும். விளக்கு, பூஜைப் பாத்திரம் துலக்குவதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டால் தூக்கமும் ஓடும், வேலையும் முடியும். சமையலில் சேராத புளி இங்கே வந்து சேரட்டும்!

34. கடைசியாக மாமியார் காட்டிக்கொடுத்த ஒரு சேமிப்பு. ஏகாதசிக்கு ஏகாதசி வடிக்காமல் விட்ட அரிசியை அளந்து தனிப் பானையில் போட்டு வாருங்கள். வேளைக்கு அரைக் கிலோ வடிக்கும் வீட்டில் 24 ஏகாதசிக்கு, ஒருவேளைக் கணக்கிலேயே, 12 கிலோ சேரும். வண்டு வராமல் இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு வைத்தால், அடுத்த வைகுண்ட ஏகாதசித் துவாதசியன்று அந்தப் பானை அரிசியிலேயே இன்னும் நாலு பேருக்கு இலை போடலாம்.