மழை உண்டு, நீர் இல்லை: பாறசாலை எல்லைக் கிராமங்களின் மானாவாரி வேளாண்மை



லண்டன் மாநகரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். திருவனந்தபுரத்தில் பெய்வது ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர்; அதாவது மூன்று மடங்கு. ஆயினும் அதன் தெற்கே, நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட பாறசாலை வட்டாரத்தில் மாசி பிறந்தால் பல கிணறுகளில் வாளி தரையைத் தட்டுகிறது. தென்னையில் குரும்பை உதிர்கிறது. வாழை குலை தள்ளும் நேரத்தில் வாடி நிற்கிறது. இவ்வளவு மழை பெய்தும் ஏன் இந்த நிலை? இதற்கு நாம் என்ன செய்யலாம்? இவ்விரு கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

அவ்வட்டாரம் நான் பிறந்து வளர்ந்த இடம். நம் சங்கத்திலும் பாறசாலை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பங்கள் உண்டு. அவர்களுள் பலருக்கு ஊரில் இன்றும் முப்பது சென்டோ ஓர் ஏக்கரோ நிலம் இருக்கிறது. அவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். பிற மாவட்டத்து அன்பர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படும்.

1. நிலமும் பருவமும்

எங்கள் பகுதியில் சமவெளி குறைவு. மேடும் பள்ளமுமான நிலம். மேட்டு நிலத்தை 'விளை' என்போம். பல ஊர்ப் பெயர்கள் 'விளை' என்று முடிவதற்கு இதுவே காரணம். விளையில் தென்னை, மரச்சீனி (பிற மாவட்டங்களில் மரவள்ளி), ஏத்தன் வாழை, நல்லமிளகு, இப்போது பெரும்பாலும் ரப்பர். பள்ளத்தில் வயல். அங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல் விளைந்தது.

மழையும் இருமுறை வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அதன்பின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. ஆண்டு முழுவதும் வானம் பொய்ப்பதில்லை. இந்த நான்கு மாதங்களே சோதனை. வெட்டுகல் கிடைக்கும் அந்தச் செம்மண் சரிவில் விழும் கனமழை, ஊறுவதற்கு முன்பே ஓடையில் இறங்கி, நெய்யாற்றிலோ வேறு ஆற்றிலோ கலந்து கடலுக்குப் போய்விடுகிறது. மேல்மண்ணும் அதனோடு போகிறது. ஆகவே எங்கள் குறை மழைக்குறை அன்று. மழையை நிறுத்திவைக்காத குறை.

2. கால்வாயை மட்டும் நம்பலாமா?

அகத்தியர் மலையில் தோன்றி 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறு அருகே கடலில் சேரும் நெய்யாற்றின் குறுக்கே, 1950-களில் அணை கட்டப்பட்டது. அதன் இடதுகரைக் கால்வாய், இன்றைய குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டம் வரை நீர் கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்டது. திட்டம் உருவானபோது இரு பகுதிகளும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கால்வாய் ஒன்று, மாநிலம் இரண்டு என்றாயிற்று.

பிறகும் பல ஆண்டுகள் நீர் எல்லையைக் கடந்து சென்றது. 2004-இல் அது நின்றது. விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் பாசனம் பாதிக்கப்பட்டதாகக் கூறித் தமிழ்நாடு அரசு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நெய்யாறு இரு மாநில நதியே அல்ல என்பது கேரளத்தின் வாதம். எல்லைக்கு இருபுறமும் உறவினர் உள்ள எங்களைப் போன்றோருக்கு இது வெறும் செய்தி அன்று. கால்வாய் வறண்ட ஊரிலும் எனக்குச் சொந்தம் உண்டு. கால்வாய் ஓடும் ஊரிலும் உண்டு.

அணை நீருக்கு வேறு தேவைகளும் வந்துவிட்டன. 2017 கோடையில் திருவனந்தபுரம் நகரின் குடிநீருக்காக நெய்யாறு அணை நீரை இறைத்து அருவிக்கரைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மேலும், தன் மட்டத்தைவிட உயர்ந்த விளைக்குக் கால்வாய் நீர் தானாக ஏறாது. உரிமையைக் கேட்பது வேண்டியதே. ஆனால் தீர்ப்பு வரும்வரை தென்னை காத்திருக்காது. விளைக்கு என்றும் முதல் பாசனம் வானிலிருந்து வருவதுதான்.

3. ஒரு தென்னையின் கணக்கு

தென்னையை 7.5 மீட்டர் இடைவெளியில் நடுவது வழக்கம். அப்படியானால் ஒரு மரத்தின் பங்கு நிலம் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 56-ஐ 1,800-ஆல் பெருக்குங்கள்: ஒரு மரத்தின் நிலத்தில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மழை விழுகிறது!

கோடையில் அதற்கு எவ்வளவு தேவை? காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைப்படி, வட்டப்பாத்தியில் நான்கு நாளுக்கு ஒருமுறை 200 லிட்டர். 120 நாளுக்கு 30 முறை. மொத்தம் 6,000 லிட்டர். விழுவதில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. மீதியில் ஒரு பகுதியை மழைக்காலத்தில் மரமே உண்ணும், ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி ஓடும் என்பது உண்மையே. ஆயினும் ஓடுவதில் சிறு பங்கை மண்ணிலும் கிணற்றிலும் நிறுத்தினாலே கோடையின் கடுமை குறையும்.

4. நீரை நிறுத்தும் வழிகள்

தொண்டு புதைத்தல்: மரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள வட்டக் குழி எடுத்து, தேங்காய்த் தொண்டுகளை உட்குழிவு மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மண்ணால் மூட வேண்டும். பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்து, வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். ஒருமுறை புதைத்தால் 5 முதல் 7 ஆண்டு வரை பயன் தரும் என்பது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டல். அடுப்பெரிக்கப் போகும் தொண்டுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

கையாலை: சரிவுக்குக் குறுக்கே கல்லாலோ மண்ணாலோ எழுப்பும் வரப்பு. நம் பாட்டன்மார் கட்டியவை பல இடங்களில் சரிந்து கிடக்கின்றன. அவற்றைச் செப்பனிட்டு, மேல்புறத்தில் சிறு மழைக்குழிகள் எடுத்தால் ஓடும் நீர் நிற்கும், மண்ணும் நிற்கும்.

பருவத்துக்கேற்ற பயிர்: திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், 1998-இல் ஸ்ரீ ஜயா, ஸ்ரீ விஜயா என்ற மரச்சீனி வகைகளை வெளியிட்டது. இவை 6, 7 மாதத்தில் விளைந்துவிடும். மே மாதம் நட்டால் வறட்சிக்கு முன்பே கிழங்கு வீட்டுக்கு வந்துவிடும். நடும் கம்பு தேமல் நோய் இல்லாத செடியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். நோய்க் கம்பை நட்டால் எவ்வளவு மழை பெய்தும் மகசூல் குறையும்.

வயலைக் காத்தல்: நெல் வயல் அரிசி மட்டும் தருவதில்லை. மாதக்கணக்கில் நீரைத் தேக்கி, அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாகவும் இருக்கிறது. 1970-களின் நடுவில் கேரளத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு, பின்னர் ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருங்கியது. வயலை மண்ணிட்டு நிரப்புவதைத் தடுக்க 2008-இல் சட்டமே வந்தது. பள்ளத்து வயலை மூடிவிட்டுக் கிணற்றில் நீர் இல்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை.

5. அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு

பாறசாலைக்கு வடக்கே உள்ள காட்டாக்கடைச் சட்டமன்றத் தொகுதியில், 2016-க்குப் பின் 'ஜலசம்ருத்தி' என்னும் நீர்வள இயக்கம் நடந்தது. பஞ்சாயத்துகளும் அரசுத் துறைகளும் பொதுமக்களும் சேர்ந்து பண்ணைக் குட்டைகள் வெட்டினர். ஓடைகளில் தடுப்புகள் அமைத்தனர். பள்ளிக்கூடங்களின் கூரை நீரைக் கிணற்றில் விட்டனர். வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இதில் முன்னின்று உழைத்தனர். பெரிய அணை இல்லை, பெரிய இயந்திரமும் இல்லை. ஒரு விளையில் ஒருவர் மட்டும் செய்தால் கிடைப்பதைவிட, ஒரு நீர்ப்பிடிப்பு முழுவதும் சேர்ந்து செய்தால் பலன் அதிகம் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

6. வெளியூரில் இருக்கும் நாம்

"கெணறு வத்திட்டு மக்கா, போர் போட்டாத்தான் இனி தேங்கா கெடைக்கும்" என்று ஊரிலிருந்து என் சித்தப்பா தொலைபேசியில் சொன்னார். இப்படி ஓர் அழைப்பு உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். நாம் பணம் அனுப்புகிறோம். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்கள். எங்கள் பகுதியில் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்பில் நீர் இருந்தால் வரும். இல்லையேல் பணம் பாறைக்குள் போகும். வந்தாலும், மேலே மழைநீரை இறக்காமல் கீழே எடுத்துக்கொண்டே இருப்பது, போடாத வங்கிக் கணக்கிலிருந்து எடுப்பது போலாகும்.

நான் சித்தப்பாவிடம் மேலே சொன்ன தென்னைக் கணக்கைச் சொன்னேன். "கணக்கு நல்லாத்தான் இருக்கு, குழி வெட்ட ஆளு வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் கூலி அதிகம். இளைஞர் பலரும் வெளியூரில், நம்மைப் போல. ஆகவே ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுப்பவிருந்த பணத்தில் ஒரு பகுதியைக் குழி வெட்டும் கூலிக்கு அனுப்பினேன். முதலில் ஆறு தென்னைக்கு மட்டும் தொண்டு புதைத்திருக்கிறார். மீதியைப் பார்த்துச் செய்யலாம் என்கிறார். பெரியவர்களுக்குப் பொறுமை அதிகம், தென்னைக்கும் அப்படித்தான். தென்னையில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

நீரில்லாத விளையை யாரும் நீண்ட நாள் வைத்திருப்பதில்லை. அது மனையாகப் பிரிந்து கைமாறிவிடும். பிறகு நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது ஒரு பெயராக மட்டுமே நிற்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டு செயல்களைச் செய்யுங்கள்: மழைக்காலமானால் உங்கள் விளையில் நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று குடை பிடித்து நின்று பாருங்கள், கோடையானால் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

ஊரில் உள்ள உங்கள் வீட்டுக் கூரையின் பரப்பு 100 சதுர மீட்டர் என்று கொள்க. ஆண்டு மழை 1,800 மில்லிமீட்டர். அதில் பாதியை மட்டும் கிணற்றுக்குள் விட்டால் எத்தனை லிட்டர்? (விடை: 90,000.) மேலே சொன்ன அளவில், ஒரு கோடைக்கு எத்தனை தென்னைக்கு அது போதும்? இதன் விடையைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ தொலைபேசியில் சொல்லுங்கள்.