காற்றுக்கும் கட்டணம் உண்டு

ஓசூர்ச் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் பொம்மசந்திரா தொழிற்பேட்டை தொடங்குகிறது. பெரிய மருந்து ஆலைகளுக்கு அருகிலேயே வாடகைக் கொட்டகைகளில் லேத் பட்டறைகளும் பவுடர் கோட்டிங் கூடங்களும் இயங்குகின்றன. இவற்றில் ஏறக்குறைய அனைத்திற்கும் அழுத்தக் காற்று தேவை. புதிய இயந்திரத்துக்குக் கடன் பெறும் தொழில்முனைவோர் அதன் விலையைப் பலமுறை ஒப்பிடுகின்றனர். மூலையில் நின்று இரையும் கம்ப்ரசரையோ அது நின்றுபோகும் நாளில்தான் நினைக்கின்றனர். கம்ப்ரசரின் ஆயுட்காலச் செலவில் பெரும்பங்கு அதன் விலையன்று, அது உண்ணும் மின்சாரமே.

முதலில் கசிவைக் கணக்கிடுவோம். வார விடுமுறை நாளில், காற்றைப் பயன்படுத்தும் கருவிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, குழாய்களில் காற்று நிறைந்திருக்கும்படி கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். அது காற்றேற்றும் நேரத்தையும் ஓய்ந்திருக்கும் நேரத்தையும் நான்கைந்து சுற்றுகளுக்குக் குறித்துச் சராசரி காணுங்கள். 2 நிமிடம் ஏற்றி 6 நிமிடம் ஓய்ந்தால், 8 நிமிடத்தில் 2 நிமிட உழைப்பு, அதாவது 25 விழுக்காடு, கசிவுக்கே போகிறது. காற்றேற்றும்போது 15 கிலோவாட் இழுக்கும் இயந்திரமாயின் இழப்பு 3.75 கிலோவாட். நாளொன்றுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 18,000 யூனிட். யூனிட் ரூ.7 என்று வைத்துக்கொண்டாலும் ரூ.1,26,000. பல மாதக் கடன் தவணை இவ்வாறு காற்றில் கரைகிறது.

கசிவைக் காணச் சோப்பு நீரே போதும். ஹோஸ் இணைப்புகள், கப்ளர்கள், சற்றே திறந்து விடப்பட்ட டிரெயின் வால்வு ஆகிய இடங்களில் குமிழி எழும். காற்றை வெளியேற்றிய பின்னரே இணைப்பைக் கழற்ற வேண்டும். கடைசி இயந்திரத்தில் காற்று போதவில்லை என்று கம்ப்ரசரின் அழுத்தத்தைக் கூட்டிவைப்பது பலரின் வழக்கம். ஒவ்வொரு பார் கூடுதலுக்கும் மின்செலவு சுமார் 6 முதல் 7 விழுக்காடு ஏறும். கசிவும் கூடவே பெருகும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு வளிமண்டல அழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் சென்னையில் ஈடுகொடுத்த பழைய கம்ப்ரசர் இங்கே சற்றுத் திணறினால், உடனே பழுது என்று முடிவு கட்டலாகாது.

எனினும், இதே இடத்தில் முன்பு விரைவாக நிரம்பிய தொட்டி இப்போது மெதுவாக நிரம்பினால் அது பழுதின் அறிகுறியே. பிஸ்டன் வகையில் முதலில் உறிஞ்சு ஃபில்டரையும், அடுத்துப் பெல்ட்டின் தளர்ச்சியையும் பாருங்கள். அவை சரியாயிருந்தால் வால்வுத் தகடுகளை ஐயுறலாம். எண்ணெய் விரைவாகக் குறைந்து, காற்றோடும் கலந்து வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கும். இரண்டு கட்டக் கம்ப்ரசரில் இடைக் குளிர்விப்பானின் சேஃப்டி வால்வு அடிக்கடி திறந்தால், இரண்டாம் கட்ட வால்வில் கசிவு இருக்கலாம். மோட்டார் நின்றதும் சில நொடி எழும் சீறல் இயல்பானது. அது ஓயாது தொடர்ந்தால் தொட்டிக்குச் செல்லும் நான்-ரிட்டர்ன் வால்வு மூடவில்லை. அதைப் புறக்கணித்தால் மோட்டார் மீண்டும் கிளம்பும்போது சுமை தாங்காது டிரிப் ஆகும்.

செலவைவிடப் பெரியது உயிர். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் தொட்டிக்குள் நீராகத் தேங்கி, அடிப்பகுதியை உள்ளிருந்தே துருவாக அரிக்கும். வெளிப்பூச்சு பளபளத்துக்கொண்டே இருக்கும். நாள்தோறும் நீரை வடித்துவிடுங்கள். துளை விழுந்த தொட்டிக்கு வெல்டிங் ஒட்டுப் போடுவது வெடிகுண்டைத் தைத்து வைப்பதற்கு ஒப்பாகும். தொட்டியை மாற்றுவதே வழி. அழுத்தத்தில் இயங்கும் சாதனம் பாதுகாப்பான அளவை மீறாதிருக்க நடவடிக்கை எடுப்பது, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவிலேயே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. சேஃப்டி வால்வு ‘தொல்லை கொடுக்கிறது’ என்று அதற்கு அடைப்புப் போடும் பட்டறைகள் இன்றும் உண்டு.

ஃபில்டர் துடைத்த நாள், எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய மணி, கசிவுச் சோதனையின் விழுக்காடு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, கம்ப்ரசரின் அருகிலேயே தொங்கவிடுங்கள். கசிவு 10 விழுக்காட்டைத் தாண்டும் மாதத்தில் சோப்பு நீரை எடுக்கலாம்.