ஏலம் ஓடும்போது வரும் தனிப்பேரம்

ஈபேயில் ஒரு நல்ல பொருளை ஏலத்துக்கு விட்டால் ஓரிரு நாளிலேயே இப்படி ஒரு செய்தி வரக்கூடும்: "ஏலத்தை மூடிவிட்டு எனக்கே கொடுத்துவிடுங்களேன். 80 டாலர் தருகிறேன்." பழைய தமிழ்ப் பட இசைத்தட்டோ, அப்பா வைத்திருந்த ஃபிலிம் கேமராவோ, எதுவானாலும் சரி. ஏலத்தில் அப்போது 46 டாலர்தான் தெரிகிறது. புதிதாக விற்பவருக்கு மனம் ஆடும்.

மூடாதீர்கள். இதற்கு முதல் காரணம் விதிகளோ நேர்மையோ அல்ல, விலைதான்.

ஈபேயில் ஏலம் கேட்பவர், தான் அதிகபட்சம் எதுவரை போகலாம் என்பதைத் தளத்தில் பதிந்துவிடுகிறார். அது உங்களுக்கும் தெரியாது, போட்டியாளருக்கும் தெரியாது. தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளமே அவருக்காக ஏற்றிக் கேட்கும். ஒருவர் 120 டாலர் என்று பதிந்திருக்கிறார், மற்றவர் 45-இல் நின்றுவிட்டார் என்றால் திரையில் 46 என்றுதான் காட்டும். அது பொருளின் மதிப்பு அல்ல. தோற்று நிற்பவரின் எல்லைக்கு ஒரு படி மேலே உள்ள தொகை, அவ்வளவுதான். தனியாக 80 தருகிறேன் என்பவர் அதையே ஏலத்தில் கேட்டிருந்தால் விலை அந்த நிமிடமே 81 ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசி நேரத்துக் கதை வேறு இருக்கிறது. நம் ஊர் ஏலத்தில் ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவி, மேலே கேட்க ஆளில்லை என்று தெரிந்த பிறகுதான் மூன்றாம் தரம் சொல்வார்கள். ஈபேயில் குறித்த நொடியில் கதவு அடைபட்டுவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசி நிமிடம்வரை தங்கள் தொகையைக் காட்டுவதில்லை. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸும் இதை ஆராய்ந்து 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அமேசான் அப்போது நடத்திய ஏலங்களில், முடியும் தறுவாயில் யாராவது கேட்டால் நேரம் மேலும் 10 நிமிடம் நீளும். அங்கே கடைசி நேரப் போட்டி குறைவாகவும், நேரம் நீளாத ஈபேயில் மிக அதிகமாகவும் இருந்ததை அவர்கள் காட்டினார்கள். ராத் 2012-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஆகவே புதன்கிழமை தெரிகிற விலையை வைத்து ஞாயிறு இரவு முடியப்போகும் ஏலத்தை எடைபோடாதீர்கள்.

தனிப்பேரம் கேட்பவரை உடனே ஏமாற்றுக்காரர் என்று எண்ணவும் வேண்டாம். பலர் அந்தத் துறையில் வாங்கி விற்பவர்கள். மலிவாக வாங்கப் பார்ப்பது அவர்கள் தொழில். அவர் செய்தி உங்களுக்கு ஒரு நல்ல தகவல். அது வந்ததும் ஈபே தேடலில் 'விற்று முடிந்தவை' மட்டும் காட்டும் வசதியைப் போட்டு, அதே பொருள் அண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். பட்டியலில் எழுத விட்டுப்போன ஏதோ ஒன்று, முதல் பதிப்பு என்பதோ அரிய மாடல் என்பதோ, அவர் கண்ணில் பட்டிருக்கலாம். ஏலம் கேட்க இன்னும் யாரும் வரவில்லையென்றால் விவரத்தைத் திருத்திச் சேருங்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈபேயில் அறிமுகமானவரோடு வெளியே வைத்து வாங்கலும் விற்றலும் செய்ய அந்தத் தளம் அனுமதிப்பதில்லை. அதற்காகத் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ பரிமாறிக்கொண்டால் பட்டியல் நீக்கப்படலாம், கணக்கு முடக்கப்படலாம், பொருள் அங்கே விற்காமலே கட்டணமும் விதிக்கப்படலாம். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்து, யாராவது தொகை கேட்டுமிருந்தால், அந்தக் கேட்புகளை ரத்து செய்துவிட்டு ஏலத்தை மூட முடியாது. அதற்கு முன்னால் மூட வழியுண்டு. ஆனால் உங்கள் அறிவிப்பை நம்பித் தொகை பதிந்தவர்களை நடுவழியில் இறக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொருள் உடைந்துபோனது, காணாமல் போனது போன்ற உண்மையான காரணத்துக்கே அந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் இன்னும் கேட்கவில்லையா? அப்போது நிலைமை வேறு. ஏலத்தோடு 'பை இட் நவ்' விலையைச் சேர்க்கலாம். அது தொடக்க விலையைவிடக் குறைந்தது 30 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். அல்லது ஏலத்தை மூடிவிட்டு நிலைவிலையில், 'பெஸ்ட் ஆஃபர்' வசதியோடு மறுபடி போடலாம். பேரம் பேசுவது அதில் முறையான வழி. பணமும் தளம் வழியாகவே வரும்.

தொகை கேட்டாகிவிட்டதென்றால் இப்படி ஒரு பதில் போதும்: "ஆர்வத்துக்கு நன்றி. சிலர் ஏற்கெனவே கேட்டிருப்பதால் ஏலம் குறித்த நேரம்வரை ஓடும். உங்களால் முடிந்த அதிகபட்சத் தொகையை அதிலேயே பதிந்துவிடுங்கள். கூடுதல் படமோ விவரமோ வேண்டுமானால் உடனே அனுப்புகிறேன்." விளக்கம் நீள வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். நாளை உங்களிடம் அதிக விலை கொடுத்து வாங்கப்போகிறவர் அவராகவே இருக்கலாம். மறுபடி மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்தால் மட்டும் அவரைத் தடைப் பட்டியலில் சேருங்கள்.

"வெளியே முடித்தால் கமிஷன் மிச்சம்" என்பவர்களும் வருவார்கள். மிச்சம் உண்மைதான். ஆனால் தளத்துக்கு வெளியே போன பிறகு விற்பவருக்கான பாதுகாப்பு எதுவும் உங்களுக்குக் கிடையாது. பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, வாகனங்கள் நீங்கலாக, தனிநபர் விற்பனையாளரிடம் ஈபே விற்பனைக் கட்டணமே வாங்குவதில்லை. 2025-இலிருந்து அங்கே வாங்குபவர்தான் பாதுகாப்புக் கட்டணம் தருகிறார். அங்கே இப்படிக் கேட்கிறவர் மிச்சப்படுத்தப் பார்ப்பது தன் பணத்தை, உங்களுடையதை அல்ல.

இனி வருவது மோசடி. இதில் கவனம் பிசகக் கூடாது. கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன் என்பார். வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வார். கூரியர்காரர் வந்து எடுத்துக்கொள்வார், அவருக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பார். பணம் வந்ததாக மின்னஞ்சல் வரும், பணம் வந்திருக்காது. அந்த மின்னஞ்சலை நம்பாதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: யுபிஐ-யில் பணம் பெறுவதற்குக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது.

பழம்பொருள் விற்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. "தளத்தில் வேண்டாம், கைவினைப் பொருள் என்று எழுதித் தபாலில் போட்டுவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடியுங்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள்கள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டு போதும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

ஏலம் முடிந்த பிறகு, தோற்றவர் எழுதி "இன்னொன்று இருக்கிறதா" என்று கேட்டால் அதற்கும் தளத்திலேயே 'செகண்ட் சான்ஸ் ஆஃபர்' இருக்கிறது. அதே பொருள் இன்னொன்று வைத்திருந்தாலோ, வென்றவர் பணம் கட்டாமல் போனாலோ, ஏலம் முடிந்து 60 நாளுக்குள் தோற்றவருக்கு அவர் கேட்ட அதிகபட்சத் தொகைக்கே அனுப்பலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஏலம் ஓடும் ஏழு நாளும் மலிவாகப் போய்விடுமோ என்று உங்களுக்குத் தூக்கம் கெடுமானால், தொடக்க விலையை மிகக் குறைவாக வைத்துவிட்டீர்கள் என்று பொருள். இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் நினைக்கும் தொகையிலேயே அடுத்த ஏலத்தைத் தொடங்குங்கள். அதுவும் மனதுக்கு ஒப்பவில்லையென்றால் ஏலமே வேண்டாம், நிலைவிலையில் போடுங்கள்.