கரைக்கு இருபுறமும் காடு

கீழ்க்காணும் பகுதியைக் கருத்தூன்றி வாசித்திடுக. பின்னர், வினாக்களுக்கு விடை எழுதுக.

கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் கோல சிலாங்கூர் பட்டணம் அமைந்துள்ளது. ‘கோல’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கழிமுகம் என்பது பொருள். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை எனத் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம் இது. விடுமுறையில் இங்கு வருவோர் பெரும்பாலும் புக்கிட் மெலாவத்திக் குன்றின் மீது ஏறிக் குரங்குகளைப் பார்ப்பர். மாலையில் மின்மினிகளைக் காணப் படகேறுவர். குன்றின் அடிவாரத்தில் ஒரு காடு இருப்பதையும் அதனைக் காலால் நடந்தே சுற்றி வரலாம் என்பதையும் அறிந்தோர் சிலரே.

அக்காட்டின் பெயர் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 200 எக்டருக்கும் மேற்பட்ட பரப்புடைய இப்பூங்கா 1987ஆம் ஆண்டு உருவானது. 1940இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகம், சிலாங்கூர் மாநில அரசின் ஒத்துழைப்போடு இதனைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது. பூங்காவின் நடைபாதைகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வட்டமாக அமைந்துள்ளன. காலையில் நுழைவாயிலில் புறப்படுபவர் காடு, ஏரி, கடற்கரை, சதுப்புநிலம் ஆகியவற்றைக் கடந்து நண்பகலுக்குள் மீண்டும் அங்கேயே வந்து சேரலாம். பிற்பகலில் குன்றின் மீது ஏறினால், தாம் நடந்த வழியை மேலிருந்து பார்க்கலாம்.

கரையின் உட்புறம்

நுழைவாயிலைக் கடந்ததும் நிழல் சூழ்ந்த பாதை தொடங்குகிறது. அத்திமரங்கள் ஒன்றையொன்று நெருக்கி வளர்ந்துள்ளன. அவற்றின் அடியில் தாழைபோல் உயர்ந்த பெரணிச் செடிகள் நிற்கின்றன. பாதையோரத்தில் ஆங்காங்கே மண்மேடுகள் தென்படும். அவற்றைக் கறையான் புற்று என்று பலர் எண்ணுவர். உண்மையில் அவை மண்ணுக்குள் வாழும் சேற்று இறால் வெளியே தள்ளிய மண்ணால் ஆனவை.

உலர்ந்த நிலத்தில் சேற்று இறாலுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கான விடையில்தான் இப்பூங்காவின் கதை அடங்கியுள்ளது. ஒரு காலத்தில் இவ்விடம் முழுவதும் கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கிய சதுப்புநிலக் காடாக இருந்தது. கடல் உள்ளே புகாதிருக்க நீண்ட மண்கரை ஒன்று எழுப்பப்பட்டது. கரைக்குள் சிக்கிய காட்டுக்கு அலைநீர் வருவது நின்றது. உப்புநீரை நம்பியிருந்த மரங்கள் காலப்போக்கில் குறைந்தன. மழைநீர் மண்ணின் உப்பைக் கழுவியது. பறவைகள் உண்டு போட்ட விதைகளிலிருந்து அத்தி முதலிய மரங்கள் முளைத்தன. இவ்வாறு மனிதன் அமைத்த ஒரு கரை, ஒரே காட்டை இரண்டாகப் பிரித்துவிட்டது. உட்புறம் புதிய காடு. வெளிப்புறம் பழைய காடு.

ஏரியும் கோபுரமும்

பாதையின் நடுவே மனிதர் அகழ்ந்த உவர்நீர் ஏரி ஒன்று உள்ளது. மதகுகளின் வழியாக இதன் நீர்மட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஏரியைப் பார்த்தவாறு கண்காணிப்புக் கோபுரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. படிகளில் ஏறி ஓசையின்றிக் காத்திருப்போருக்குக் கொக்கு, நாரை, மீன்கொத்தி, செம்பருந்து போன்ற பறவைகள் காட்சி தரும்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் இங்கு வெளியூர் விருந்தினரும் உண்டு. சைபீரியா, சீனா முதலிய வட நாடுகளில் குளிர் கடுமையாகும்போது, உள்ளான் போன்ற கரையோரப் பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வெப்பநாடுகளை நாடுகின்றன. நீர் வற்றியிருக்கும்போது அவை கடற்கரைச் சேற்றில் இரை தேடும். நீர் பெருகிச் சேறு மூழ்கிவிட்டால், ஓய்வெடுக்க ஏரிப்பக்கம் வரும். ஆகவே, பறவைகளைக் காண விரும்புவோர் கடல்நீர் உயரும் நேரத்தில் கோபுரத்தில் இருப்பது பயனளிக்கும்.

இந்த ஏரியோடு தொடர்புடைய மற்றொரு பறவை வெண்ணிற நாரை. மலாய் மொழியில் இதனை ‘பூரோங் ஊப்பே’ என்பர். சதுப்புநிலக் காடுகள் அழிந்ததால் தீபகற்ப மலேசியாவில் இதன் எண்ணிக்கை மிகவும் குறைந்தது. தேசிய விலங்ககம் இப்பறவையைக் கூண்டில் வளர்த்து இனப்பெருக்கம் செய்தது. அவ்வாறு வளர்ந்த சில பறவைகள் 1990களின் பிற்பகுதியில் இப்பூங்காவில் விடுவிக்கப்பட்டன. ஒரு பறவையைக் கூண்டில் பெருக்குவது ஓரளவு இயலும் செயல். அது வாழ உயர்ந்த மரமும், இரை தேடச் சேறும், தொந்தரவில்லாத அமைதியும் இல்லாவிட்டால் அம்முயற்சி நிலைக்காது. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் வெண்ணிற நாரை இன்றும் இடம்பெற்றுள்ளது.

கரையின் வெளிப்புறம்

ஏரியைத் தாண்டியதும் அந்த மண்கரையை அடையலாம். அதன் மீது நடப்பவருக்கு இரு காடுகளும் ஒரே நேரத்தில் தெரியும். கரைக்கு அப்பால் இறங்கினால் மணமே மாறிவிடும். உப்பும் சேறும் கலந்த காற்று வீசும். இங்குள்ள மரங்கள் தரையில் வேரூன்றும் விதமே வேறு. பாக்காவ் மரம் பல கால்களை ஊன்றியதுபோல் தாங்குவேர்களின் மீது நிற்கிறது. அப்பி-அப்பி மரத்தைச் சுற்றிப் பென்சில்களை நட்டு வைத்தாற்போல் மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால், அவ்வேர்கள் மேலே வந்து மூச்சு விடுகின்றன. அப்பி-அப்பி மரம் தான் உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. பாக்காவின் விதையோ மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, ஈட்டிபோல் நீண்டு, பின்னர்ச் சேற்றில் விழுகிறது.

சதுப்புநில மரங்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. இவற்றைக் கண்டல் என்றும் அலையாத்தி என்றும் தமிழ் வழங்கி வந்துள்ளது. அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது, அலையாத்தி. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை என்பதும் சதுப்புநில மரம் ஒன்றின் பெயரே. சிதம்பரத்திற்கு அருகிலுள்ள பிச்சாவரத்தில் அக்காட்டை இன்றும் காணலாம்.

சேற்றைக் கூர்ந்து நோக்கினால் அது உயிர்ப்புடன் அசைவது புலப்படும். ஆண் நண்டு தன் ஒற்றைப் பெரிய கொடுக்கை உயர்த்தி அசைத்துக் காட்டும். ‘பெலாச்சாக்’ எனப்படும் சேற்றுமீன் முன்துடுப்புகளை ஊன்றி நிலத்தில் தாவும். செவுளறையில் நீரைத் தேக்கி வைத்தும் ஈரமான தோலின் வழியே காற்றை ஏற்றும் அது கரையில் வாழ்கிறது. கடல்மீன்களும் இறால்களும் தம் இளமைக் காலத்தை இவ்வேர்களிடையே கழிக்கின்றன. கோல சிலாங்கூர் மீனவரின் வலைக்கும் ஜெராம் கடலோரத்தில் கிடைக்கும் கெராங் சிப்பிக்கும் இச்சேறு துணை நிற்கிறது.

குன்றின் உச்சியில்

புக்கிட் மெலாவத்தி ஒரு காலத்தில் சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டையாக விளங்கியது. 1784இல் டச்சுக்காரர் இதனைக் கைப்பற்றி ‘அல்திங்ஸ்பர்க்’ எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதனை மீட்டார். கடலை நோக்கிய பீரங்கிகளும், 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும், சுல்தான்களின் அடக்கத்தலமும் இன்றும் உள்ளன. எதிரிக் கப்பலைக் கண்காணிக்க அன்று தேர்ந்தெடுத்த இடம், இன்று நிலத்தைப் படிக்க உதவுகிறது.

உச்சியிலிருந்து பார்த்தால் முதலில் கடல், அதையடுத்துச் சேறு, பிறகு சதுப்புநிலக் காடு, அதன் பின் கரை, கரைக்கு இப்பால் மனிதர் வாழும் நிலம். வடக்கே தஞ்சோங் காராங் வட்டாரத்தில் நெல்வயல்கள் பரந்துள்ளன. கிழக்கிலும் தெற்கிலும் தோட்டங்கள். நெய்தலும் மருதமும் இங்கே அருகருகே அமைந்துள்ளன என்று கூறலாம்.

இத்தோட்டங்களுக்கும் வரலாறு உண்டு. ஹென்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1911இல் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் செம்பனையை அழகுக்காக நட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், சரிவர விளையாத காப்பிச் செடிகளுக்குப் பதிலாகச் செம்பனை பயிரிடப்பட்டது. நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. தோட்டத்தின் பெயரே தமிழாக ஒலிக்கிறது. காடு திருத்தியும், கால்வாய் வெட்டியும், பால்மரம் சீவியும், குலை அறுத்தும் உழைத்த தமிழ்ப் பாட்டாளிகளின் வியர்வை இவ்வட்டார மண்ணில் கலந்துள்ளது.

கடலோரத் தாழ்நிலத்தில் உள்ள வயலும் தோட்டமும் கரையையும் மதகையும் நம்பியே இருக்கின்றன. ஆனால், மண்கரை மட்டும் தனியே நின்று கடலை எதிர்க்க இயலாது. முன்னால் நிற்கும் காடு அலையின் வேகத்தைத் தணிக்கிறது. வேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கின்றன. காடு அழிந்தால் அலை நேரே கரையை அரிக்கும். கரை உடைந்தால் உப்புநீர் வயலில் புகும். நெல் கருகும், மண்ணின் உப்பு நீங்க நெடுநாள் ஆகும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். மலேசிய அரசும் 2005 முதல் கடலோரங்களில் பாக்காவ் முதலிய மரங்களை நடும் திட்டத்தைச் செயற்படுத்தியது. எனினும், நட்ட கன்றுகள் யாவும் பிழைப்பதில்லை. அலை வேகமாக வீசும் இடத்தில் இளங்கன்று எளிதில் அடித்துச் செல்லப்படும். வளர்ந்து நிற்கும் காட்டைக் காப்பது, அழிந்த காட்டை மீண்டும் வளர்ப்பதைவிட எளிது.

நடப்பவர் கடமை

குன்றின் மீது வாழும் சாம்பல்நிற இலைக்குரங்கை மலாய்க்காரர் ‘லோத்தோங்’ என்பர். அதன் அறிவியல் பெயரிலேயே சிலாங்கூரின் பெயர் இடம்பெற்றுள்ளது. அதன் குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் நிறம் மாறும். சாதுவான அக்குரங்கு கையில் வந்து வாங்கித் தின்பதால், வருவோர் ரொட்டியும் கடலையும் இனிப்பும் தருகின்றனர். அன்பினால் செய்யும் அச்செயல் அதற்குத் தீங்காகிறது. இலைகளைச் செரிப்பதற்கென அமைந்த அதன் வயிற்றுக்கு இவ்வுணவு ஒவ்வாது. உணவை எதிர்பார்த்துச் சாலைக்கு வரும் குரங்குகள் வாகனத்தில் அடிபடவும் நேரிடும். பார்த்து மகிழ்வதே அதற்குச் செய்யும் உதவி.

இப்பாதையில் நடக்க விரும்புவோர் குடிநீர், தொப்பி, கொசு மருந்து, வழுக்காத காலணி ஆகியவற்றோடு செல்ல வேண்டும். நீர் ஏறி இறங்கும் நேரத்தை அறிந்துகொள்வது நன்று. உப்புக்காற்றில் மரப்பலகை விரைவில் பழுதடையும்; ஆதலால், பலகைப் பாதையும் கோபுரங்களும் திறந்துள்ளனவா என்பதைப் பூங்கா அலுவலகத்தில் விசாரித்த பின்னரே செல்ல வேண்டும். கொண்டு சென்ற நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சேற்றில் விழும் நெகிழி, மூச்சுவேரை மூடினால் மரம் மூச்சு விட இயலாமல் தவிக்கும்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. கோல சிலாங்கூரில் முன்னோர் மண்ணால் ஓர் அணை கட்டினர். அதற்கு முன்பே இயற்கை மரங்களால் ஓர் அணை கட்டியிருந்தது. இரண்டில் ஒன்று மட்டும் போதாது என்பதை, அக்கரையின் மீது ஒருமுறை நடந்தவர் அறிவர்.

அருஞ்சொற்பொருள்

கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
உவர்நீர் – உப்புத்தன்மை கலந்த நீர்
மதகு – நீரைத் திறந்துவிடவும் அடைக்கவும் உதவும் அமைப்பு
நெய்தல் – கடலும் கடல் சார்ந்த நிலமும்
மருதம் – வயலும் வயல் சார்ந்த நிலமும்

கருத்துணர் வினாக்கள்

1. பூங்காவின் உட்புறத்தில் சேற்று இறாலின் மண்மேடுகள் காணப்படுவது எதனை உணர்த்துகிறது?
2. கடல்நீர் உயரும் நேரத்தில் கரையோரப் பறவைகள் ஏரிப்பக்கம் வருவது ஏன்?
3. ‘அலையாத்தி’ என்னும் சொல்லின் பொருளைச் சதுப்புநிலக் காட்டின் பயனோடு தொடர்புபடுத்தி விளக்குக.
4. இலைக்குரங்குகளுக்கு உணவு தருவதால் ஏற்படும் இரண்டு தீமைகளைக் குறிப்பிடுக.
5. கடற்கரையில் ஒரு கற்சுவர் கட்டினால் சதுப்புநிலக் காடு தேவையில்லை என்று ஒருவர் கூறுகிறார். அக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.